இரண்டாவது ஹீட்டர்

டிசம்பர் 27, வெள்ளி

ஜெசிமா, இந்த நேரத்தில் எழுதுகிறேன், மன்னித்துக்கொள். போன் டிங்கென்று அடித்து உன்னையும் உன் வீட்டுக்காரரையும் எழுப்பிவிட்டிருக்கும். இதழினி இப்போதுதான் தூங்கினாள். அவள் தூங்கினால்தான் எனக்கு இரண்டு கையும் கிடைக்கிறது.

நீ சொன்னபடி தேதி போட்டு எழுதுகிறேன். "போன்ல நீ பாதி சொல்லி பாதி முழுங்கற. மீன் பண்ணையில நாங்க தொட்டிக்குத் தொட்டி எழுதிவைப்போம், அப்பதான் தப்பு எங்கன்னு புடிபடும்" என்றாய். சரி, பிடி.

இன்று காலை என் மீன் தொட்டித் தண்ணீர் இருபத்தைந்து டிகிரி. நேற்றுப் படுக்கும்போது இருபத்தொன்பது இருந்தது. குன்னூரில் இந்த மாதம் குழாயைத் திறந்து கை நீட்டினால் விரல் மரத்துப்போகும். நீ கொளத்தூரில் ஃபேன் போட்டுக்கொண்டு படுத்திருப்பாய். ஹீட்டரின் சிவப்பு விளக்கு எரியவில்லை. பதறிப்போய் பிளக்கைப் பிடுங்கி மாட்டி, சுவிட்சை மேலும் கீழும் தட்டினேன். எரிந்தது. பகல் முழுக்க ஒழுங்காக வேலை செய்தது. ராத்திரி மட்டும் அதற்கு என்ன வந்தது?

இதை இன்றைக்கே கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. நீ பஸ்ஸில் போட்டுவிட்ட டிஸ்கஸ் மீன்களில் அந்த நீல ஜோடி சாயங்காலம் முட்டை வைத்துவிட்டது. முட்டைக்கென்று தொட்டிக்குள் நிறுத்திய களிமண் கூம்பின்மேல், வரிசையாக, கசகசாவைவிடக் கொஞ்சம் பெரிசாக. இரண்டும் மாறிமாறி வாயால் விசிறுகின்றன. தண்ணீர் குளிர்ந்தால் அவையே முட்டையைத் தின்றுவிடும் என்று நீ முன்பே பயமுறுத்தி வைத்திருக்கிறாய்.

மாமா வந்து பார்த்தார். (தினாவின் அப்பா. தேயிலை ஃபேக்டரியில் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். அத்தை போனபிறகு எங்களோடுதான்.) "ஏனுங் அம்மிணி, இனி இதுக்கும் நாமதான் பத்தியச் சோறு ஆக்கோணுமா" என்றார். சிரித்தேன். தினா தென்காசிப் பக்கம் காற்றாலை உச்சியில் ஏறி நிற்கிறார். பொங்கலுக்குத்தான் வருவாராம். படம் அனுப்பினேன், ஒரு கட்டைவிரல் வந்தது.

ஒரு கேள்வி. ஹீட்டர் கண்ணாடி விரிசல் விட்டால் தண்ணீரில் கரண்ட் பாயுமா? இதழினி தவழ்கிறாள். தொட்டி ஸ்டாண்டைப் பிடித்து எழுந்து நிற்கப் பார்க்கிறாள்.


டிசம்பர் 28, சனி

உன் குரல் பதிவை மூன்று தடவை கேட்டேன். மெயின் பெட்டியில் லீக்கேஜ் பிரேக்கர் இருக்கிறது, பார்த்துவிட்டேன். கரண்ட் கசிந்தால் அது தட்டிவிடும் என்கிறாய். தெரிகிறது. ஆனாலும் அந்தச் சின்னக் கை கண்ணாடியில் படும்போதெல்லாம் ஓடிப்போய் விலக்கிவிடுகிறேன்.

நீ சொன்ன பழக்கத்தை ஆரம்பித்துவிட்டேன். தொட்டிப் பக்கம் போனால் முதல் வேலை சுவிட்சை அணைப்பது, வேலை முடிந்ததும் போடுவது. "தூக்கத்துல எழுப்பிவிட்டாலும் உன் கை மொதல்ல சுவிட்சுக்குத்தான் போகணும்" என்றாயே, அப்படி.

இரண்டு ஹீட்டர் விஷயமும் புரிந்தது. பெரிதாக ஒன்றை நம்பாமல் சின்னதாக இரண்டு. ஒன்று நின்றால் மற்றது தாங்கும். ஒன்று நிற்காமல் எரிந்தாலும் தனியாகத் தொட்டியைக் குழம்பாக்க முடியாது. இது ஏன் எனக்குத் தோன்றவில்லை? கல்லூரியில் உன்னைவிட மார்க் வாங்கியவள் நான்.

மீன் இருக்கட்டும், நீ தூங்கறியா என்று கேட்டாய். தூங்குகிறேன். இன்று காலை இருபத்தெட்டு.


டிசம்பர் 30, திங்கள்

பஜாருக்கு இதழினியை இடுப்பில் தூக்கிக்கொண்டு போனேன். மீன் கடைக்காரர் "குன்னூர்ல டிஸ்கஸா? ஸ்வெட்டர் போட்டுவிடுங்க" என்று சொல்லி அவரே சிரித்துக்கொண்டார். ஒரே அளவில் இரண்டு ஹீட்டர், கலர் டிவி வாங்கினால் வருமே, அந்த மாதிரி தெர்மோகோல் பலகை. மாமா பலகையை அறுத்து மூன்று பக்கமும் ஒட்டிக்கொடுத்தார். மூடிக்கு மேல் ஒரு பழைய கம்பளி. இரண்டு ஹீட்டருக்கும் தனித்தனி பிளக், தனித்தனி சுவிட்ச். ஒன்று இடது மூலையில், ஒன்று வலது மூலையில். தொட்டி இப்போது பனிக்குப் போர்த்திய ஆள் மாதிரி உட்கார்ந்திருக்கிறது.

முட்டைகள் பொரிந்துவிட்டன. கூம்பின்மேல் வால்கள் மட்டும் துடிக்கின்றன.

ஒரு கூத்து. சாயங்காலம் உப்புமா கிண்டினேன், வாடை வேறு மாதிரி வந்தது. ரவை டப்பாவில் மீன் தீனியைக் கொட்டி வைத்திருக்கிறேன். எப்போது செய்தேன் என்றே தெரியவில்லை. மாமா தட்டை முகர்ந்து பார்த்துவிட்டு "நீந்தக் கத்துக்கலாம்னு பாத்தீங்களா" என்றார்.


ஜனவரி 1, புதன்

ஹாப்பி நியூ இயர். காலை இருபத்தைந்து. இரண்டு சுவிட்சும் அணைந்திருந்தன.


ஜனவரி 2, வியாழன்

நேற்று எழுதக் கை ஓடவில்லை. இப்போது சொல்கிறேன்.

ஹீட்டரில் குறை இல்லை, ஜெசிமா. யாரோ அணைக்கிறார்கள். வீட்டில் இருப்பது மாமா, நான், ஏழு மாதக் குழந்தை. யாரென்று யோசிக்கவே வேண்டியதில்லை. மாமா படுக்கும் முன் வீட்டைச் சுற்றி வந்து டிவி, மிக்ஸி, வாட்டர் ஃபில்டர், வைஃபை வரை ஒவ்வொரு சுவிட்சாக அணைப்பார். ஃபேக்டரி ஸ்டோரைப் பூட்டும் முன் அப்படித்தான் செய்வாராம். கல்யாணமாகி வந்த புதிதில் என் போன் சார்ஜர்கூடத் தப்பியதில்லை.

மெதுவாகத்தான் கேட்டேன். "மாமா, பழக்கதோஷத்துல ஹீட்டர் சுவிட்சையும் அணைச்சிட்டீங்களா?"

"இல்லீங்களே. அதத் தொடக்கூடாதுன்னு அன்னிக்கே சொல்லிட்டீங்களே."

"அப்ப யாரு மாமா?"

"அதானுங் எனக்கும் தெரியல" என்றார். பேப்பரை மடித்து வைத்துவிட்டு இரண்டு சுவிட்சையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். நல்ல நடிகர்.

குஞ்சுகள் நீந்த ஆரம்பித்துவிட்டன. நீ சொன்னது போலவே நேராகப் போய் தாயின் உடம்பில் ஒட்டிக்கொண்டு மேல்தோலில் ஊறுவதைத் தின்கின்றன. தாய் அலுத்துப்போனால் ஒரு சிலுப்பு சிலுப்புகிறது. உடனே கூட்டமாகக் கிளம்பி தகப்பன் உடம்புக்குப் போகின்றன. கொஞ்ச நேரம் கழித்து அது சிலுப்புகிறது, இங்கே வருகின்றன. இதழினியை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் இதையே பார்த்தேன். எனக்குச் சிலுப்பத் தெரியவில்லை.

இனி சில வாரங்களுக்கு இவற்றுக்கு வேறு சாப்பாடு கிடையாது. ஒரு ராத்திரி குளிர்ந்தால் பெரியவை நோய்வந்து ஒதுங்கிவிடும், குஞ்சுகள் பட்டினி. அது நடக்கக்கூடாது.


ஜனவரி 3, வெள்ளி

காலை இருபத்தேழு. ஆனால் இரண்டு ஹீட்டரும் எரிந்துகொண்டிருக்கின்றன. அப்படியென்றால் அணைத்துவிட்டு, பயந்துபோய், விடியும்முன் திரும்பப் போட்டிருக்கிறார்.

இன்னொன்றைக் கவனி. எல்லாவற்றையும் அணைக்கிற மனிதர் நேற்றிரவு ஹால் லைட்டை மட்டும் விடியவிடிய எரியவிட்டிருக்கிறார். கேட்டால் இருமல், தூக்கமில்லை, உட்கார்ந்திருந்தேன் என்கிறார். என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. குற்றமுள்ள நெஞ்சு.

இன்று இரண்டு சுவிட்சின் மேலும் முதலுதவிப் பெட்டியில் இருந்த பிளாஸ்திரியைக் குறுக்கே அழுத்தி ஒட்டிவிட்டேன். மாமா பார்க்கத்தான் ஒட்டினேன்.

திரும்பத் திரும்ப அதையே கேட்கிறாய். தூங்குகிறேன் என்றால் தூங்குகிறேன். இவள் எழும்போது எழுகிறேன், இவள் தூங்கும்போது தூங்குகிறேன். எல்லா அம்மாவும் அப்படித்தானே. உன் ஃபர்ஹான் பிறந்தபோது தூக்கமில்லாமல் நீ ஒரு டாக்டரம்மாவைப் பார்த்தாய், சரி. அந்த நம்பர் எனக்கு எதற்கு? உன்னிடம் நான் கேட்டது ஹீட்டரைப் பற்றி.


ஜனவரி 4, சனி

பிளாஸ்திரியைக் காணோம். இரண்டும். சுவிட்ச் இரண்டும் போட்டபடி இருக்கின்றன. தண்ணீர் இருபத்தேழு.

நேராக மாமாவிடம் போனேன். குஞ்சுகள் இருக்கிற தொட்டி என்று தெரிந்தே செய்கிறார். "மாமா, உங்களுக்கு மீன் புடிக்கலேன்னா நேரா சொல்லிருங்க. இப்படிப் பிச்சுப் போட்டு விளையாடாதீங்க" என்றேன். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவரிடம் அப்படிப் பேசியதில்லை.

அவர் தரையைப் பார்த்தார். "நாஞ் செய்யலீங் அம்மிணி" என்றார். பிறகு சம்பந்தமே இல்லாமல், "புள்ளைய இனி தொட்டில்ல போடுங்க. தோள்ல போட்டுட்டு அப்படியே கண்ணசந்துர்றீங்க" என்றார். என் குழந்தையை எங்கே போடுவதென்று அவர் சொல்கிறார்.

மதியம் பார்த்தால், தொட்டிக்குப் போகும் வழியில் கிடந்த முக்காலியைத் தூக்கிப் பரண்மேல் போட்டிருக்கிறார். அதன்மேல் உட்கார்ந்துதான் நான் மீனுக்குத் தீனி போடுவேன். ஏன் மாமா என்றால், "வழியில கெடந்தா இடிக்குமுங்" என்கிறார். யாரை இடிக்கும்? என் முழங்காலில் கன்றிய நீலம் ஒன்று இருக்கிறது, உண்மைதான். குளியலறைப் படியில் பட்டிருக்கும்.

சாயங்காலம் தினாவிடம் போனில் கொட்டித் தீர்த்தேன். அழுதும்விட்டேன். "சரி சரி, அப்பாவ ரெண்டு நாள் கோபிக்கு அக்கா வீட்டுக்குப் போய்ட்டு வரச் சொல்றேன். நீ கொஞ்சம் மூச்சு விடு" என்றார். பிறகு மாமா போனை வாங்கிக்கொண்டு மாடிப்படியில் நின்று மகனோடு தாழ்ந்த குரலில் பேசினார். மாமா என்னவோ சொல்ல வந்து, "இல்லப்பா, போன்ல வேண்டாம்" என்றது மட்டும் காதில் விழுந்தது.


ஜனவரி 5, ஞாயிறு

மாமா காலை பஸ்ஸுக்குப் போய்விட்டார். போகுமுன் கேஸ் சிலிண்டர் ரெகுலேட்டரைத் திருகி மூடி, வாசல் தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விட்டு, மேல்தாழ்ப்பாளையும் போடச் சொன்னார். மேல்தாழ்ப்பாள் எனக்கு எட்டாது, முக்காலி வேண்டும். முக்காலி பரண்மேல். "ஸ்டெல்லா வந்து படுத்துக்கும், சொல்லியிருக்கேன்" என்றார்.

ஸ்டெல்லா அக்கா பக்கத்து வீடு. பிள்ளைகள் கோயம்புத்தூரில் படிக்கிறார்கள். இருட்டியதும் போர்வையும் தலையணையுமாக வந்து நின்றார்.

"மாமாதான் அனுப்பினாரா அக்கா?"

"ஆமா சுகி. உன்கிட்ட ஒண்ணு சொல்லவும் சொன்னாரு. உள்ள வந்து சொல்றேன்."

"அவர் சொல்றதெல்லாம் நான் கேட்டாச்சு. எனக்குத் துணை வேண்டாம்க்கா. நானும் பாப்பாவும் நிம்மதியா இருக்கோம்."

"அதில்ல சுகி..."

"குட் நைட் அக்கா."

பாவம், போர்வையோடு திரும்பிப் போனார். நாளைக்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம். வேவு பார்க்க ஆள் வைத்துவிட்டுப் போகிறார் பார்.

புது பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறேன். இரண்டிரண்டு பட்டையாக. தண்ணீர் இருபத்தொன்பது. தகப்பன்மேல் குஞ்சுகள் தூசி மாதிரி ஒட்டியிருக்கின்றன. வீட்டில் வேறு யாரும் இல்லை. நாளைக் காலை இருபத்தொன்பது இருக்கும், நீயே பார்.


ஜனவரி 6, திங்கள்

ஜெசிமா, இன்று நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன். முழுங்காமல்.

காலையில் தண்ணீர் இருபத்தொன்று. இரண்டு சுவிட்சும் அணைந்திருந்தன. பெரிய மீன்கள் கறுத்துப்போய் மூலையில் சாய்ந்திருந்தன. அடியில் குஞ்சுகள் வெள்ளையாகக் கிடந்தன.

முதலில் வாசலுக்குத்தான் ஓடினேன். தாழ்ப்பாள் போட்டபடி இருந்தது. ஜன்னல்களைப் பார்த்தேன். யாரும் வரவில்லை. சுவிட்சின்மேல் பிளாஸ்திரி இல்லை. தரையில் தேடினேன், குப்பைக்கூடையில் தேடினேன். குளிரவே உள்ளே போய் என் சால்வையை எடுத்துப் போர்த்தினேன். தோளில் ஏதோ ஒட்டியது. சால்வை ஓரத்தில் இரண்டு பட்டை, நூலோடு சுருண்டு. இன்னொரு பட்டை இதழினியின் கம்பளிக் குல்லாவில், காதுக்கு மேலே. நாலாவதை இன்னும் கண்டுபிடிக்கவில்லை. அவள் வாய்க்குள் விரல் விட்டுப் பார்த்தேன், கட்டிலை உதறிப் பார்த்தேன். இல்லை.

சால்வையில் எப்படி வந்தது என்று யோசிக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. குல்லாவில் எப்படி வந்தது என்று யோசிக்க மனம் வரவில்லை.

அடுப்பைப் போய்ப் பார்த்தேன். மாமா திருகிய ரெகுலேட்டர் நேற்று நான் பால் காய்ச்சிவிட்டு மூடியது போலவே இருந்தது. திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தேன்.

பிறகு மாமாவைக் கூப்பிட்டேன். மணி அடிக்கும் முன்னே எடுத்தார்.

"அம்மிணி, பாப்பா நல்லா இருக்குதுங்களா?"

"இருக்கா மாமா. ஹீட்டரை அணைக்கறது நானா?"

அந்தப் பக்கம் பஸ் ஸ்டாண்ட் சத்தம் கேட்டது. அவர் ஏற்கனவே கிளம்பி வந்துகொண்டிருந்தார்.

"ஸ்டெல்லா சொல்லலீங்களா?"

"நான் அவங்கள உள்ளயே விடல."

"அடக் கடவுளே" என்றார். பிறகு சொன்னார். "புத்தாண்டுக்கு மறுநா ராத்திரிதானுங் பாத்தேன். யாரு அணைக்கறான்னு புடிக்கலாம்னு லைட்டப் போட்டுட்டு உக்காந்திருந்தேன். நீங்க வந்தீங்க. 'ஏனுங் அம்மிணி, வேண்டாம்னுட்டு நீங்களே அணைக்கறீங்க'ன்னேன். பதிலில்ல. கண்ணு தொறந்துதானுங் இருந்துது, ஆனா என்னையப் பாக்கல. ஒவ்வொரு சுவிட்சா தட்டிட்டு, 'கரண்ட் இல்ல, பாப்பா தொடலாம்'னு சொன்னீங்க. புள்ள தோள்ல தூங்கிட்டிருந்துது."

இதழினியை இடுப்பிலிருந்து இறக்கிவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"எழுப்பலாம்னு வந்தேனுங். திடுக்குன்னு முழிச்சா புள்ளைய விட்டுருவீங்களோன்னு பயந்துட்டேன். ரெண்டு கையையும் கீழ ஏந்திட்டு, நீங்க போய்ப் படுக்கற வரைக்கும் பின்னாலயே நடந்தேன். தெனமும் அப்படித்தான். நீங்க படுத்தப்பறம் சுவிட்சப் போட்டுட்டு உக்காந்துக்குவேன். ரெண்டு நா நடுவுல நானும் கண்ணசந்துட்டேன், முழிச்சுப் பாத்தா மறுபடியும் அணைஞ்சு கெடந்துது, அதான் தண்ணி கொறஞ்சு போச்சு."

"ஏன் மாமா என்கிட்ட சொல்லல? அவ்வளவு திட்டினேனே."

"எப்படீங் சொல்றது. மாமனாரு வாயில வர்ற பேச்சா அது? ராத்திரியில உங்களப் பாத்துட்டே பின்னால நடந்தேன்னு சொல்லச் சொல்றீங்களா? அதான் பொம்பளயாளு மூலமா சொல்லிக்கலாம்னு ஸ்டெல்லாகிட்ட சொன்னேன். தினாகிட்ட சொன்னா அங்க காத்தாடி மேல நின்னுட்டு கை நடுங்கும். நேருல வரட்டும்னு இருந்தேன். அவன் போகச் சொன்னதும் எனக்கும் ரோசம் வந்துருச்சுங். போயிருக்கக் கூடாது."

அவர் மதியத்துக்கு மேல் வந்து சேர்ந்தார். நான் வாசலில் நின்றேன். அவர் செருப்பைக் கழற்றிக்கொண்டே "மீனு எப்படீங்?" என்றார். இருவரும் போய்ப் பார்த்தோம். காலையிலேயே இரண்டு ஹீட்டரையும் போட்டு மெதுவாகச் சூடேற்றியிருந்தேன். தாய் இன்னும் மூலையில்தான். ஆனால் தகப்பன் நடுத் தொட்டிக்கு வந்து நின்றது. அதன் பக்கவாட்டில் கொஞ்சம் குஞ்சுகள் இருந்தன. கொஞ்சம்தான்.

"இதுக போதுமுங்" என்றார் மாமா. முக்காலியைப் பரணிலிருந்து இறக்கிச் சுவர் ஓரமாகப் போட்டு அதில் உட்கார்ந்துகொண்டார்.

தினாவிடம் நானே சொன்னேன். நாளைக்கே கிளம்புகிறேன் என்றார். ஸ்டெல்லா அக்கா வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "லூசு, நகரு" என்று சொல்லிவிட்டு அதே போர்வையோடு வந்துவிட்டார். இதழினி இன்று அவர் பக்கத்தில் தூங்குகிறாள். அவளைக் கொடுக்கும்போது என் கை விடவில்லை, அக்காதான் விரலைப் பிரித்து எடுத்தார். ஹாலில் லைட் எரிகிறது. மாமா இருமுகிறார். அது பொய் இருமல் என்று இப்போது தெரிகிறது. தான் விழித்திருப்பதை எனக்குச் சொல்கிறார்.

என்னைத் தூங்கச் சொல்கிறார்கள். கண்ணை மூடப் பயமாக இருக்கிறது. மூடினால் என் கால் எங்கே போகுமென்று எனக்குத் தெரியாது. நீ கேட்டுக்கொண்டே இருந்தாய், நான் டிகிரி எழுதிக்கொண்டே இருந்தேன். உண்மை என்னவென்றால், இவள் பிறந்ததிலிருந்து நான் தூங்கிய மாதிரி எனக்கு ஞாபகமே இல்லை. இவள் மூச்சு விடுகிறாளா என்று மூக்கருகே விரல் வைத்துப் பார்ப்பேன். விடுகிறாள் என்று தெரிந்தபின்னும் விரலை எடுக்கமாட்டேன்.

அந்த டாக்டரம்மா நம்பரை அனுப்பு. காலையில் முதல் வேலையாக மாமாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுகிறேன். இதைப் படித்ததும் சீக்கிரம் பதில் போடு, ஜெசிமா.